அக்கா நேர்ந்த முடி

என் நட்சத்திரம் ஆயிலியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். பெண் பார்க்க வந்தவர்கள் ஆயிலியம் என்று கேட்டதும் கையில் எடுத்த வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். மாமியாருக்கு ஆகாதாம். எந்த மாமியாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் நாற்பதைத் தாண்டிவிட்டேன். கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, மடவளையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடியில் வாடகை அறை. அக்காவின் நட்சத்திரம் மகம். அவளுக்குக் கல்யாணம், பிள்ளைகள், மடுல்கெல்லப் பக்கம் நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வேலை, எல்லாம் ஒழுங்காக அமைந்தன. மார்பில் கட்டியும் அவளுக்குத்தான் வந்தது.

அதைக் கண்டுபிடித்தது அக்கா அல்ல. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ். முப்பத்தைந்து வயதானதும் பெண்களைக் கூப்பிட்டு மார்பைப் பரிசோதிக்கும் கிளினிக் ஒன்று நடக்கும். அக்காவைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். இவள் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஆளில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கிறாள். கடைசியில் மிஸ் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே வந்து நின்றுவிட்டார்.

“எனக்கு வலியே இல்லீங்களே மிஸ்” என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

“வலிக்காததத்தான் பாக்கணும். வலிச்சா நீங்களே வந்திருவீங்கல்ல. நடங்க.”

கூடையை இறக்கிவிட்டு, எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூசிக்கொண்டே போனாளாம். மிஸ்ஸின் விரல் இடது பக்கம் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது.  கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

இதில் என்ன வேடிக்கை என்றால், ‘தள்ளிப் போடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட துண்டுப் பிரசுரத்தைத் தமிழுக்கு மாற்றியதே நான்தான். ஒவ்வோர் ஒக்டோபரிலும் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரோஸ் நிற ரிப்பன் குத்திவிடுவார்கள். பேச்சு நடக்கும், பட்டிஸ், நெஸ்கபே கிடைக்கும், மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடலாம். பிரசுரத்தில் ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவள் அதை எண்ணெய்ப் போத்தலுக்குக் கீழே விரித்து வைத்திருந்தாள். நல்ல தடித்த தாள் என்று என்னிடமே பாராட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் பேச, அக்கா தமிழில் பேச, நடுவில் நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்வதைச் சொல்ல வேண்டும், நம்முடைய முகத்தை அதில் சேர்க்கக் கூடாது. காணி வழக்குக்கும் ஓய்வூதியக் கடிதத்துக்கும் அப்படித்தான் செய்வேன். அக்காவுக்குப் புற்றுநோய் என்பதையும் அப்படியேதான் சொன்னேன். இடது மார்பை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொன்னேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, எப்ப வெட்டுவாங்களாம்?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பி, நீங்கள் கூடப் பிறந்தவரா, அப்படியானால் நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களுக்குக் கடையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு வந்த சிங்களம் இருக்கிறதே, அது போதும். ‘நங்கி’ என்றால் தங்கச்சி என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

“உனக்கும் பாக்கச் சொல்றாரு. பாத்திரு” என்றாள். வெளியே வந்தும் அதையேதான் சொன்னாள். பஸ்ஸில் ஏறியும் அதையேதான் சொன்னாள். அவளுடைய மார்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பார்த்தேன். ரொட்டியைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கினார்கள். ஜில்லென்று இருந்தது, வலித்தது, சீக்கிரம் முடிந்தது. பிறகு ஸ்கேன். வலது பக்கத்தில் ஏதோ தெரிகிறதாம். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாலு கிழமை, ஒரு மாதம்கூட ஆகலாம் என்றார்கள். நான் அலுவலகத்துக்குப் போய் வழக்கம்போல வேலை பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, பயந்துதான் போயிருந்தேன். இரவில் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா கேட்டதால் அவளிடம் மட்டும் சொன்னேன். போனில் அவள், “ஒன்னும் இருக்காது, நீ சாப்புடு” என்றாள்.

என் முடிவு வந்தபோது அக்காவுக்கு ஒப்பரேஷன் முடிந்திருந்தது. டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முந்தி. எனக்குச் சாதாரணக் கட்டிதான், கெட்டது இல்லை, ஆறு மாதத்தில் வந்து மறுபடி காட்டினால் போதும் என்றார்கள். நேரே வாட்டுக்குப் போனேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டு, பக்கத்தில் இரத்தமும் நீரும் இறங்குகிற குழாயும் போத்தலுமாகப் படுத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடினாள். தோளோரமாகக் கிடந்த பின்னலைப் பிடித்துக்கொண்டு “ஆத்தா” என்றாள். வலிக்கிறதாக்கும் என்று நினைத்து நான் நேர்ஸைக் கூப்பிட்டேன்.

அவள் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படி யாருக்கும் இல்லை. கூடைக் கயிறு இழுத்து இழுத்து உச்சியில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மற்றபடி இடுப்புக்குக் கீழே தொங்கும். மலைக்குப் போகிறபோது அதைச் சுருட்டிக் கொண்டையாக்கி அதன்மேல் துணி போட்டு அதன்மேல் கயிற்றைப் போடுவாள். தோட்டத்தில் அவளை அடையாளம் சொல்வதே அந்தக் கொண்டையை வைத்துத்தான்.

புண் ஆறியதும் மருந்து ஏற்றுவதற்காக மறுபடி டொக்டரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் விளக்கினார். வாந்தி வரலாம், வாய் புண்ணாகலாம், முதல் மருந்து போன சில கிழமைகளில் முடி கொட்டத் தொடங்கும், பிறகு வளரும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முடி என்ற இடத்தில் அக்கா நிமிர்ந்தாள்.

“அப்ப இப்ப வேணாம். நம்ம அம்மன் கோவில் பங்குனித் திருவிழா முடிஞ்சு ஏத்திக்கிறேன்னு சொல்லு.”

“என்னாக்கா பேசுற?”

“முடி நேந்திருக்கேன். சொல்லு அவருகிட்ட.”

சொன்னேன். சொல்லத்தானே வேண்டும், அதுதானே என் தொழில். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எத்தனை நாள் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். “இனித் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு கிழமையும் நோய்க்குத்தான் லாபம். இந்த மருந்து மிச்சம் மீதியைத் தேடிப் பிடிக்கிற மருந்து. அதற்கு நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு தேடக் கூடாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு திகதி போட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதையும் ஒரு சொல் விடாமல் அக்காவிடம் சொன்னேன்.

மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சண்டை தொடங்கியது. சண்டை என்றால் நான் மட்டும் போட்டது.

“என்னா நேந்த?”

“அத வெளிய சொல்லக் கூடாது. குடுத்து முடியிற வரைக்கும் சொல்லக் கூடாது.”

“கொணமானா முடி தாறேன்னுதானே நேந்திருப்ப? கொணமாகத்தானே மருந்து! மருந்த வேணாங்கிற, அப்ப எப்பிடிக் கொணமாவ? அப்பிடிப் பாத்தாலும் இன்னும் கொணமாகல. அப்ப நீ ஆத்தாவுக்குக் குடுக்கவே வேண்டியதில்லயே!”

எனக்கே என் வாதம் பிடித்திருந்தது. அலுவலகத்தில் சட்டத்தரணிகள் பேசுவதை மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“உனக்கு வெளங்காது. கொட்டிப்போன முடியக் கூட்டி அள்ளியா அவளுக்குக் குடுக்கிறது? எச்சில் சோத்தப் படைக்கிற மாதிரி.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டத்துக்குப் போனேன். போய்க் கத்தினேன். பிள்ளைகளைக் காட்டிக் கத்தினேன், டொக்டர் சொன்னதைச் சொல்லிக் கத்தினேன், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். அவள் அசையவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ஒரு கையால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை அவளால். அவள் கணவரிடம் போனேன். “மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க” என்றேன். “அவ சொன்னா ஏதாச்சும் இருக்கும்” என்றார் அந்த மனுஷன். இப்படி ஒரு மச்சானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. அதனால் என் கோபமெல்லாம் கோவிலின் பக்கம் திரும்பியது. கல்லுச் சிலைக்கு என் அக்காவின் உயிரைவிட மயிர் பெரிதா என்று கேட்டுவிட வேண்டும் என்று பூசாரியைத் தேடிப் போனேன். எங்கள் தோட்டத்துப் பூசாரி செவ்வாயும் வெள்ளியும்தான் பூசாரி. மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறார். கடைத்தெருவில் ஆட்டோவைச் சரித்துப் போட்டுவிட்டு அதற்கு அடியில் படுத்திருந்தார். அவர் காலைப் பார்த்துக்கொண்டுதான் நான் பேசத் தொடங்கினேன். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு. நான் நாலு வசனம் பேசுவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

“அதுக்கு எதுக்குங்க திருவிழா வரைக்கும் நிக்கணும்? தை வெள்ளிக்குக் கூட்டிட்டு வாங்க. முடிய எறக்கி மஞ்சத் துணியில கட்டி வச்சிருங்க. பங்குனியில கொண்டாந்து ஆத்தா காலடியில வச்சாப் போதும். டுபாய்க்குப் போற பயலுக எல்லாம் அப்பிடித்தானே செய்றானுக.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க. அக்கா என்கிட்டக் கேக்கவே இல்லையே.”

மிச்சப் பேச்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னிடம் போல்ட் கழற்றுகிற சாவி ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னதும், “அவரே சொன்னாரா? அவரு வாயாலயே சொன்னாரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சிரித்தாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். இதை அவரிடம் கேட்க என்ன கேடு, இவ்வளவு நாளும் என் உசுரை வாங்கினாயே என்று திட்டினேன். கேட்டால் யாருக்கு, எதுக்கு என்று சொல்ல வேண்டி வருமே என்றாள். எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

தை வெள்ளி காலையில் நல்ல பனி. கோவில் தேயிலைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். பூசாரி அன்றைக்கு வேட்டியும் விபூதியுமாக வேறு ஆள் மாதிரி இருந்தார். கடைத்தெருவிலிருந்து சலூன்காரர் வந்திருந்தார். அக்காவால் கையைத் தூக்க முடியாததால் நான்தான் அவள் பின்னலை அவிழ்த்தேன். சின்ன வயதில் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள், கண்ணீர் வர இழுத்துப் பின்னுவாள். அன்றைக்கு நான் அவிழ்த்தது நிலத்தில் புரண்டது. தண்ணீர் தெளித்து நனைத்தார்கள். பூசாரி தேங்காய்த் தட்டோடு வந்தார்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்க.”

அக்கா என் பெயரைச் சொன்னாள். “ஆயிலியம்” என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். “அக்கா, ஒன் பேரச் சொல்லு. மகம்னு சொல்லு. என்னா, மயக்கமா வருதா?”

“சும்மா இருடி. யாருக்கு நேந்தமோ அவுங்க பேருலதான் குடுக்கணும்.”

பூசாரி என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் புரியவில்லை.

“உனக்கு ஊசி போட்டு எடுத்தாங்கல்ல, அன்னைக்கு நேந்தேன்” என்றாள் அக்கா. “தங்கச்சிக்கு ஒன்னுமில்லன்னு வரட்டும், என் முடியத் தாறேன்னு. வந்திருச்சில்ல? வந்ததுக்கு அப்புறம் குடுக்காம இருக்க முடியுமா?”

“அப்ப ஒனக்கு?”

“எனக்கு என்னாத்த நேர்றது, எனக்குத்தான் வந்திருச்சே.” அவள் தலையைக் குனிந்தபடியே பேசினாள், முடி முகத்தை மறைத்திருந்தது. “மருந்து ஏத்தி முடியெல்லாம் கொட்டிப்போயி, நான் சொன்ன வாக்குத் தப்பிப்போயி, ஆத்தா குடுத்ததத் திருப்பி எடுத்துக்கிட்டா? உனக்கு மறுபடி வந்திருச்சின்னா நான் என்னாடி செய்வேன்?”

“மருந்து ஏத்தாம நீ செத்துப்போயிருந்தா?”

“அது வேற” என்றாள்.

எனக்கு வந்தது கோபம்தான். சாமி முன்னால் நின்றுகொண்டு என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. பைத்தியக்காரி என்றேன், உன்னை யார் கேட்டது என்றேன், என் கட்டிக்கும் உன் முடிக்கும் என்ன சம்பந்தம் என்றேன். பேசிக்கொண்டே போகையில் அழுதேன். நன்றாகவே அழுதேன். நேர்த்தியை வெளியே சொல்லக் கூடாது என்பதற்காக இத்தனை கிழமையும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு சோறு வடித்தாளே, அதுதான் தாங்கவில்லை. சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தேயிலைப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு அக்கா, “நேரமாகுதுங்க, ஆரம்பிங்க” என்றாள்.

முடியை மஞ்சள் துணியில் கட்டி என் அறை அலுமாரியில் வைத்தேன். டொக்டர் போட்ட திகதியில் முதல் மருந்து ஏறியது. ஒவ்வொரு தடவை ஏற்றியதும் சில நாள் என் அறையில் வந்து கிடப்பாள். வாந்தி, வாய்ப்புண், நாக்கில் இரும்பு ருசி, டொக்டர் சொன்ன எல்லாம் வந்தன. கொட்டுவதற்கு முடி மட்டும் இல்லை. வீட்டுக்கார அம்மா, நான் ராத்தா என்று கூப்பிடுபவர், கீழேயிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். மொட்டைத் தலைக்குக் குளிர் ஆகாது என்று தன் சால்வை ஒன்றைத் தந்து, ஊசி குத்தி எப்படிப் போடுவது என்றும் காட்டிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகிறபோது, எங்களோடு மடவளையில் ஏறிய ஒரு கிழவி அக்காவுக்கு ஸலாம் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு பவ்வியமாகத் தலையாட்டினாள். இறங்குகிறவரை இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பங்குனித் திருவிழாவுக்கு அவளால் வர முடியவில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன, கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் போனேன். பனியனும் மஞ்சள் தண்ணியுமாக ஆட்கள், தப்புச் சத்தம், கற்பூரப் புகை. செருப்பில்லாமல் வரிசையில் நின்று மஞ்சள் மூட்டையைப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் அதை ஆத்தாவின் காலடியில் வைத்தார். அவ்வளவு முடி, மூட்டையாகக் கட்டியதும் ஒரு தலையணை அளவுகூட இல்லை.

நான் நகரவில்லை. பையிலிருந்து தேங்காயும் வெற்றிலையும் எடுத்து நீட்டினேன்.

“பேரு, நட்சத்திரம்?” என்றார் பூசாரி.

அக்காவின் பெயரைச் சொன்னேன். “மகம்” என்றேன்.

“அன்னைக்கு ஆயிலியம்னு சொன்னாங்களே?”

“அது குடுத்தாச்சு. இது வேற.”

அவர் தேங்காயை உடைத்துப் பாதியைத் திருப்பித் தந்தார்.

அக்காவுக்கு மருந்து ஏற்றி முடிந்துவிட்டது. இப்போது மாத்திரைதான், சொன்ன நாட்களில் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். முடி காது வரைக்கும் வந்திருக்கிறது, சுருட்டையாக. நானும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வருகிறேன். திருவிழா அன்று என்ன நேர்ந்தாய் என்று அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள், நான் சொல்லவில்லை. கொடுத்து முடியும்வரை சொல்லக் கூடாது. என் முடி அவளுடையதைப் போல இல்லை, தோள் வரைதான், அதிலும் பாதி நரை. இருப்பதைத்தானே கொடுக்க முடியும்.